துண்டு விரிப்பதற்கு முன் ஒரு கேள்வி!



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிறது. ஸலாம் கொடுத்ததும் பள்ளிவாசல் வாசலில் ஒரு துண்டு விரிக்கப்படுகிறது. "ஏழைச் சகோதரர் ஒருவருக்கு இருதய ஆபரேஷன். கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர். தாராளமாக உதவி செய்யுங்கள்" என்று அறிவிப்பு வருகிறது. பத்து, இருபது, ஐம்பது என்று நோட்டுகள் விழுகின்றன. கொடுக்கிறவர்களின் மனம் நல்ல மனம். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் துண்டைச் சுற்றி நிற்கும் நம்மில் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டதுண்டா? அந்தச் சகோதரர் வேலை பார்த்த கடையில் மொத்தம் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்? பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள் என்றால், அவருடைய பெயர் இ.எஸ்.ஐ.யில் ஏன் பதியப்படவில்லை?

பெயர் பதியப்பட்டிருந்தால் அந்த வைத்தியம் அவருக்கு உரிமையாகக் கிடைத்திருக்கும். பதியப்படாததால் அது தர்மமாகிவிட்டது. நிமிர்ந்து நின்று பெற வேண்டிய ஒன்றுக்காக ஒரு மனிதரைக் கையேந்த வைத்துவிட்டு, அந்தக் கையில் நாமே பத்து ரூபாய் போட்டு நன்மை தேடிக் கொள்கிறோம். இது நியாயமா? சிந்தியுங்கள்!

சட்டம் பிறந்த கதை

தொழிலாளிக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு உலகத்தில் முதன்முதலாகச் சட்டத்தின் மூலம் பதில் சொன்ன நாடு ஜெர்மனி. 1883ஆம் ஆண்டு அங்கே வந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு பொது நிதியை உண்டாக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அறுபது ஆண்டுகள் கழித்து, வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், பேராசிரியர் பி.பி.அடார்கர் இந்தியத் தொழிலாளர்களுக்காக இதே போன்ற ஒரு திட்டத்தை வகுத்து 1944இல் அறிக்கை கொடுத்தார். நாடு விடுதலை அடைந்த மறு ஆண்டே, 1948இல், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. நாம் எல்லோரும் இ.எஸ்.ஐ. என்று சொல்வது இதைத்தான்.

1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். 1955இல் நம் மாநிலத்தில் கோவைக்கு வந்தது. இன்று நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இதில் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய 1948 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் என்றால் கட்டாயம் பதிய வேண்டும்.

கான்பூர் எப்படிப்பட்ட ஊர்? மில்களும் தோல் தொழிலும் நிறைந்த ஊர். நம் திண்டுக்கல்லும் அப்படித்தானே! பேகம்பூரைச் சுற்றிலும் தோல் ஷாப்புகள், வேடசந்தூர் பக்கம் நூல் மில்கள், ஊருக்குள் பூட்டுப் பட்டறைகள், ஜவுளிக் கடைகள், பிரியாணிக் கடைகள், மண்டிகள். இங்கே உழைப்பவர்களுக்கு இந்தச் சட்டம் அந்நியமானதல்ல. ஆனால் அதை நாம் அந்நியமாக வைத்திருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிகளுக்குக் கணக்குதான் பிடிக்கும். எனவே கணக்கிலேயே பேசுவோம்.

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு ஜவுளிக் கடை. ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 2019 ஜூலை 1 முதல் உள்ள விகிதப்படி தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதம், முதலாளியின் பங்கு மூன்றேகால் சதவீதம். ஆக மொத்தம் நான்கு சதவீதம். (அதற்கு முன் இது ஆறரை சதவீதமாக இருந்தது.) அப்படியானால் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது மாதம் 105 ரூபாய். முதலாளி தன் கையிலிருந்து போடுவது 455 ரூபாய். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து முதலாளிக்கு ஆகும் செலவு மாதம் 5,460 ரூபாய். கடையின் முகப்பில் எரியும் விளக்குகளுக்கான கரண்ட் பில்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

சரி, இந்த 105 ரூபாய்க்குத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது?

பதிந்த நாளிலிருந்தே அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம். டிஸ்பென்சரியில் மாத்திரை முதல் ஆபரேஷன் வரை இதில் அடக்கம்.

நோயில் படுத்துவிட்டால், முதல் இரண்டு நாள் நீங்கலாக, சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை ரொக்கமாகக் கிடைக்கும். மேலே சொன்ன சம்பளக்காரருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 327 ரூபாய். 91 நாளும் எடுத்தால் 29,000 ரூபாய்க்கு மேல். அவர் வருடம் முழுவதும் கட்டியதோ வெறும் 1,260 ரூபாய்! இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறு மாதக் கட்டணக் காலத்தில் 78 நாளுக்காவது அவர் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் நோய் வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவதில் முழுப் பயன் இல்லை.

காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்கள் என்றால், இரண்டு ஆண்டு வேலையில் இருந்து உரிய நாட்களுக்குப் பணம் கட்டியவருக்கு 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை நீள வழியுண்டு.

வேலையில் விபத்து நேர்ந்து வீட்டில் கிடந்தால், குணமாகும் வரை 90 சதவீதம். இதற்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு.

அந்த விபத்தில் உயிர் போய்விட்டால், சம்பளத்தில் 90 சதவீத அளவுக்கு மாதாமாதம் குடும்பத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்படும். விதவைக்கு அவர் மறுமணம் செய்யாத வரை ஆயுள் முழுவதும், மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் ஆகும் வரை.

மில்லுக்குப் போகும் நம் சகோதரிகளுக்குப் பிரசவ காலத்தில் 26 வாரம் முழுச் சம்பளம். முந்தைய இரண்டு கட்டணக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால் போதும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும்தான் ஏழையை அழிக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை! படுத்த நாளில் கூலி நின்று போவதுதான் முதல் அடி. வாடகை நிற்காது, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் நிற்காது, வட்டிக்காரன் நிற்க மாட்டான். கூலி மட்டும் நின்றுவிடும். அந்தக் கூலிக்கும் பாதுகாப்புக் கொடுப்பதுதான் இ.எஸ்.ஐ.யின் தனிச் சிறப்பு.

ஏன் கட்டாயம்?

"விருப்பம் உள்ளவர் சேரட்டும், எதற்குக் கட்டாயப்படுத்த வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இருபது வயது இளைஞனுக்கு நோய் வரும் என்ற நினைப்பே இராது. விருப்பத்துக்கு விட்டால் அவன் சேர மாட்டான். நோயாளிகளும் வயதானவர்களும் மட்டுமே சேர்வார்கள். அப்போது நிதி தாங்காது, கட்டணம் ஏறும், கொஞ்சம் ஆரோக்கியமாக இருப்பவரும் கழன்று கொள்வார். கடைசியில் திட்டமே படுத்துவிடும். எல்லோரும் சேர்ந்தால் மட்டுமே, படுக்காதவரின் பணம் படுத்தவருக்கு உதவும். நாளை அவர் படுக்கும்போது மற்றவர்களின் பணம் அவருக்கு உதவும்.

தனியார் கம்பெனிகளின் மெடிக்ளைம் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று ஆயிரம் கேள்விகள். இ.எஸ்.ஐ.யில் வயதையும் பார்ப்பதில்லை, நோயையும் பார்ப்பதில்லை. சம்பளத்தை மட்டுமே பார்க்கிறார்கள். 20 வயதுக்காரனுக்கும் 55 வயதுக்காரருக்கும் அதே முக்கால் சதவீதம். நாளொன்றுக்கு 176 ரூபாய் வரை கூலி வாங்குபவர் தன் பங்கைக் கட்டவே வேண்டாம், முதலாளியின் பங்கு மட்டும் போதும். கூடுதல் சம்பளக்காரர் கூடுதலாகக் கட்டுகிறார், குறைந்த சம்பளக்காரர் குறைவாகக் கட்டுகிறார், வைத்தியம் இருவருக்கும் ஒன்றே! கட்டாயம் என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தச் சமத்துவம் ஒரு நாளும் நடக்காது.

துபாயில் சரி, திண்டுக்கல்லில் தவறா?

நம் வீடுகளில் வளைகுடாவுக்குப் போகாத வீடு எத்தனை? சவூதியில் 1999இலேயே கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. துபாயில் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, தொழிலாளியின் காப்பீட்டுச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட வட அமீரகங்களிலும் தனியார் துறைத் தொழிலாளிகளுக்கு அது கட்டாயம். காப்பீடு இல்லாமல் அங்கே விசா எடுக்கவும் புதுப்பிக்கவும் முடியாது.

ஆக, துபாய் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கும் தம்பியின் சட்டைப் பையில் இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறது. நம் ஊர்க் கடையில் துணி மடிக்கும் அண்ணனின் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. தம்பிக்குக் கார்டு கொடுத்த அரபி முதலாளியைப் புகழ்கிற நாம், அண்ணனுக்குக் கொடுக்காத நம் முதலாளியைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? அவர் நம் மாமா என்பதாலா? மச்சான் என்பதாலா? பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் என்பதாலா?

வணிகப் பெருமக்களே, உங்கள் பதில் என்ன?

சொல்லப்படும் சமாதானங்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எங்கள் கடையில் ஒன்பது பேர்தான்!" ரெஜிஸ்டரில் ஒன்பது பேர். கல்லாவிலிருந்து குடோன் வரை எண்ணினால் பதினைந்து பேர். தினக்கூலிக்கு வருபவரும், தற்காலிகமாக வருபவரும் கணக்கில் சேர்ந்தவர்கள்தான். ஒரே கடையை அண்ணன் பெயரில் பாதி, மனைவி பெயரில் பாதி என்று இரண்டு லைசென்சாக்கி வைப்பதும் நடக்கிறது. நிர்வாகமும் கணக்கும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் ஒரே நிறுவனமாக அதிகாரிகள் எடுத்துக் கொள்ள முடியும். சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மீதியைப் படி என்று எழுதுவதற்கும் புதிய சட்டம் கடிவாளம் போட்டுவிட்டது. விலக்குப் பெற்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கிடப்படும்.

"பையன்களே வேண்டாம் என்கிறார்கள், பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் கேட்கிறார்கள்!" இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தொழிலாளி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் முதலாளியின் கடமை நீங்காது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் எவரையும் பதிந்தே ஆக வேண்டும். 105 ரூபாய் பிடித்தால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பையனுக்கு நீங்கள் என்றாவது உட்கார வைத்துச் சொன்னதுண்டா?

"எங்கள் ஆட்களை நாங்களே பார்த்துக் கொள்கிறோம்!" பலர் பார்த்துக் கொள்ளவும் செய்கிறார்கள், மறுக்கவில்லை. காய்ச்சலுக்கும் கைக்காயத்துக்கும் பார்ப்பீர்கள். கான்சருக்குப் பார்ப்பீர்களா? இரண்டு வருடச் சம்பளம் கொடுப்பீர்களா? உங்கள் வியாபாரம் நொடித்துப் போனால் அந்த விதவைக்கு யார் கொடுப்பது? நல்ல முதலாளியின் கருணை அவர் இருக்கும் வரை. சட்டத்தின் உரிமை அவருக்குப் பிறகும் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உங்கள் லாபத்துக்கானது. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலையின்போது விபத்தில் தொழிலாளி இறந்தால், நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும். மாதம் 14,000 ரூபாய் சம்பளம் வாங்கும் முப்பது வயதுத் தொழிலாளிக்குச் சட்ட அட்டவணைப்படி கணக்கிட்டால் 14 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரும். இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் அந்தச் சுமையைக் கழகம் ஏற்கும். மாதம் 455 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்க் கடையையே பணயம் வைப்பது எந்த ஊர் வியாபாரத் தந்திரம்?

பதியாமல் விட்டாலும் தப்ப முடியாது. தொழிலாளிக்குரியதைக் கழகம் கொடுத்துவிட்டு அதை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. இதைவிட மோசமானது, தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக் கொள்வது. அந்தப் பணம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றே சட்டம் பார்க்கிறது. அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. அமானிதத்தைப் பற்றி நமக்கு வேறு யாரும் பாடம் நடத்த வேண்டுமா?

திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் வரலாற்றிலிருந்தும் நாம் ஒன்றைக் கற்றுக் கொள்ளலாம். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பு வழங்கியபோது, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளும் அதில் அடங்கின. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் சொல்லப்பட்ட நியாயம் மனிதனுக்குப் பொருந்தாதா? இருபது வருடம் ஒருவரின் முதுகில் வியாபாரம் ஏற்றியவர், அந்த முதுகு வலிக்கும்போது செலவில் ஒரு பங்கு ஏற்க வேண்டாமா?

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி சரியில்லையே!"

இந்தக் குறையை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. டிஸ்பென்சரியில் கூட்டம், சில மருந்துகள் இருப்பில் இல்லை, நல்ல வார்த்தை பேச ஆளில்லை என்ற புலம்பல்கள் எங்கும் கேட்கின்றன. திண்டுக்கல் தொழிலாளி படுக்கையில் சேர வேண்டிய நோய் என்றால் பெரும்பாலும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கே போக வேண்டியிருக்கிறது. கூட ஒருவர் போக வேண்டும், அவருக்கும் ஒரு நாள் கூலி போகும்.

ஆனால் இதற்குப் பரிகாரம் பதியாமல் இருப்பதா? கூட்டம் குறைவாக இருக்கும் ஊருக்கு அரசாங்கம் ஆஸ்பத்திரி கொடுக்குமா? ஒரு ஊரில் இத்தனை ஆயிரம் பேர் பணம் கட்டுகிறார்கள் என்ற கணக்கு காகிதத்தில் இருந்தால்தான், 'எங்கள் ஊருக்கு மருத்துவமனை கொடு, டாக்டரைப் போடு, மருந்தை வை' என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். பணமும் கட்டாமல், பெயரும் கொடுக்காமல், ஆஸ்பத்திரி சரியில்லை என்று டீக்கடையில் பேசுவதால் யாருக்குப் பயன்?

மார்க்கச் சந்தேகம்

"இன்சூரன்ஸ் நமக்குக் கூடுமா பாய்?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் மதிக்கப்பட வேண்டிய ஒன்று. ஃபத்வா கொடுப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. தகுதியுள்ள ஆலிம்களிடம் கேளுங்கள். கேட்கும்போது விவரத்தோடு கேளுங்கள்.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிக இன்சூரன்சைக் கூடாது என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையில் நடக்கும் கூட்டுறவுக் காப்பீட்டை அதற்கு மாற்றாகவும் சொன்னது. இ.எஸ்.ஐ.யில் பங்குதாரர் கிடையாது, லாபம் பிரித்துக் கொள்வோர் கிடையாது, சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கழகத்தின் உபரி நிதி முதலீடு செய்யப்படும் முறையைப் பற்றி ஒருவர் கேள்வி எழுப்பலாம். அதையும் சேர்த்தே ஆலிம்களிடம் வைத்துத் தெளிவு பெறுங்கள். ஆனால் வங்கிக் கடன் வாங்கும்போது வராத சந்தேகம், தொழிலாளிக்கு 455 ரூபாய் கட்டும்போது மட்டும் வருகிறது என்றால், அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ளுங்கள்!

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. கிடைத்துவிடாது. தள்ளுவண்டியில் பழம் விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், மண்டியில் மூட்டை தூக்குபவர், மூன்று பேர் மட்டும் உள்ள சின்னக் கடையில் நிற்பவர், இவர்களைக் கட்டாயம் எட்டவில்லை. பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாக முன்வந்து சேர புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. இது நம் சின்ன வியாபாரிகள் அறிந்து கொள்ள வேண்டிய விஷயம்.

மற்றவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்றது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இதில் தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான் இது உதவும். படுத்த நாளின் கூலியை இது கொடுக்காது. ஆகவே இ.எஸ்.ஐ.க்குத் தகுதி உள்ளவரை, "உனக்குத்தான் முதலமைச்சர் கார்டு இருக்கிறதே" என்று சொல்லி ஒதுக்குவது ஏமாற்று வேலை.

என்ன செய்யலாம்?

இளைஞர்களே! வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். "என் இ.எஸ்.ஐ. நம்பர் என்ன?" என்று கேட்கிறீர்களா? பத்து இலக்க எண் அது. வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. அந்த எண்ணில் உங்கள் தாய் தந்தை, மனைவி, பிள்ளைகளின் பெயர்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்பதைக் கையில் இருக்கும் போனிலேயே, உமங் செயலியில் பார்த்துக் கொள்ளலாம். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். நோய்ப்படி வாங்கிக் கொண்டிருக்கும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். கேட்பது சண்டைக்கு அழைப்பதாகாது. உரிய மரியாதையோடு, ஆனால் உறுதியோடு கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

வியாபாரிகளே! அடுத்த மாதச் சம்பளத்துக்கு முன் உங்கள் கணக்கரை அழைத்து, கடையில் உண்மையில் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள். பத்து என்றால் பதிந்து விடுங்கள். ஒவ்வொரு மாதத்துப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கட்ட வேண்டிவரும். வட்டியை வெறுக்கும் நாம், நம் சோம்பலுக்காக வட்டி கட்டலாமா? உங்கள் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களிடம் மஹல்லாவின் வீட்டுப் பட்டியல் இருக்கிறது. அதில் இன்னும் இரண்டு கட்டங்களைச் சேருங்கள். வேலை பார்க்கும் இடம் எது? இ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் வராண்டாவில் ஒரு மேசை போட்டு, படித்த இரண்டு இளைஞர்களை உட்கார வையுங்கள். படிவம் நிரப்புவதும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க வழி சொல்வதும் அவர்கள் வேலை. வைத்தியத்துக்கு உதவி கேட்டு யார் வந்தாலும், துண்டு விரிக்கும் முன், "எங்கே வேலை பார்த்தீர்கள், அங்கே எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதியாத முதலாளி நம் ஜமாஅத்தில் இருந்தால், அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வசூலில் முதல் பெருந்தொகை அவரிடமிருந்து வரட்டும். அது நன்கொடையாக வர வேண்டாம், பாக்கியாக வரட்டும்.

அப்படிச் செய்தால் நம் பைத்துல்மால் பணம் யாருக்குப் போகும்? தள்ளுவண்டிக்காரருக்கு, மூட்டை தூக்குபவருக்கு, கணவனை இழந்து வீட்டு வேலை செய்யும் சகோதரிக்கு. எந்தச் சட்டமும் எட்டாதவருக்கு அது முழுமையாகப் போய்ச் சேரும். முதலாளி கட்டாமல் விட்ட நான்கு சதவீதத்தை ஏழையின் ஜகாத் பங்கிலிருந்து நிரப்பும் அவலம் நிற்கும்.

தொழிலாளியின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மிம்பர் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த நான்கு சதவீதமும் அவருடைய கூலியின் ஒரு பகுதிதான். அதை அவர் உடம்பு நன்றாக இருக்கும்போதே கட்டிவிடுவோம். அவர் படுத்த பிறகு அதற்கு விலை வைக்க நம்மில் யாராலும் முடியாது!